யாழ்ப்பாணத்து வெயிலில் ஓர் இகுவானா: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

என் முதல் இகுவானாவை வாங்கியபோது கையில் கிடைத்த வழிகாட்டிகள் எல்லாம் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. பெட்டியை எப்படிச் சூடாக வைத்திருப்பது என்பதிலேயே அவற்றின் முக்கால் பங்கு கழிந்துவிடும். அவற்றை நம்பி, நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே பலகை, உள்ளே இரண்டு மின்குமிழ் என்று ஒரு பெட்டி செய்து யன்னலருகே வைத்தேன். சித்திரை மாதத்து முற்பகல் ஒன்றில் அது வாயைப் பிளந்தபடி கண்ணாடியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வெப்பமானியை வைத்தால் 43 பாகை செல்சியஸ். ஈரத் துணியில் பொதிந்து கிணற்றடி நிழலுக்குக் கொண்டுபோனதால் பிழைத்தது. இன்னும் சிறிது நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் இறந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் இந்தப் பிராணிக்குச் சூட்டை நாம் தேடிக் கொடுக்க வேண்டியதில்லை. நிழலும் காற்றும் ஈரமும் கொடுப்பதுதான் நம் வேலை. கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

இங்கே நான் பேசுவது பச்சை இகுவானாவைப் பற்றி. மெக்சிகோ முதல் பிரேசில் வரையுள்ள வெப்பமண்டலக் காடுகளில், ஆற்றோர மரங்களின் மேல் வாழும் பல்லியினம் இது. இலை தின்னி. நம் உடும்பைப் போலத் தோன்றினாலும் உடும்பைப் போல இறைச்சி தின்பதல்ல. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் வளர்த்ததால் செத்த இகுவானாக்கள் பல.

வாங்குவதற்கு முன்

கடையில் பார்க்கும் குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கும். மூன்று நான்கு வருடங்களில் வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் வரை வளரும். ஆண் இன்னும் நீளமாகலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம் வரை உயிர் வாழும். நம் ஊரில் இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்குகிறான். இருபத்தொரு வயதில் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுகிறான். பிறகு அதைப் பார்ப்பது அம்மாவா, அம்மம்மாவா? அவர்களிடம் கேட்டு, அவர்கள் மனதார ஒப்புக்கொண்ட பிறகே வாங்குங்கள்.

அடுத்தது சட்டம். இலங்கையின் உள்நாட்டு ஊர்வனவற்றை 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாக்கிறது. வேலியில் இருக்கும் பச்சோந்தியையோ பற்றைக்குள் இருக்கும் உடும்பையோ பிடித்துப் பெட்டிக்குள் வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, காட்டில் பிடித்த பச்சோந்தி பெட்டிக்குள் சில வாரங்களில் உண்ணாமல் இறந்துபோகும். இகுவானா வெளிநாட்டுப் பிராணி; அதன் சர்வதேச வணிகமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே அதை முறையாகக் கொண்டுவந்ததற்கான ஆவணத்தை விற்பவரிடம் கேளுங்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் விசாரித்துவிட்டே பணம் கொடுங்கள். ஆவணம் இல்லை என்றால் வாங்க வேண்டாம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வளர்க்க முடியாமல் போனால் "தோட்டத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்பார்கள். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் ஆபத்து. அமெரிக்காவின் புளோரிடாவில் இப்படி விடப்பட்டவையும் தப்பியவையும் பெருகி, தோட்டங்களைத் தின்று, கரைகளில் வளை தோண்டிப் பெரும் தொல்லையாகிவிட்டன. யாழ்ப்பாணத்தின் வெப்பம் அவற்றுக்குப் புளோரிடாவைவிடவும் உவப்பானது. வேறொரு பொறுப்பான வளர்ப்பாளரிடம் கொடுங்கள், அல்லது திணைக்களத்திடம் கேளுங்கள். வெளியே விடக் கூடாது.

குஞ்சைத் தெரிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. கையை நீட்டியதும் பதறி ஓடுகிற குஞ்சுதான் நல்ல குஞ்சு. "மிகவும் சாது, பாருங்கள், கையில் அப்படியே படுத்திருக்கிறது" என்று காட்டப்படுவது பெரும்பாலும் நோயில் சோர்ந்தது. கண் தெளிவாக, வாலடி கொழுத்து, இரு தாடைகளும் நேராக, விரல்கள் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கூடு

மீன்தொட்டி போன்ற முழுக் கண்ணாடிப் பெட்டி நம் வெயிலில் அடுப்பாகிவிடும். முன்பக்கம் மட்டும் கண்ணாடி, பின்பக்கம் ஒட்டுப்பலகை, இரு பக்கமும் மேலும் வலை என்று தச்சரிடம் சொல்லிச் செய்யுங்கள். முதல் வருடத்துக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம் போதும். வளர்ந்த பிறகு 6 அடி நீளமும் 6 அடி உயரமும் 3 அடி அகலமும் வேண்டும். அதற்கு முற்றத்தில் ஒரு மூலையை இப்போதே ஒதுக்கி வையுங்கள். நீளத்தைவிட உயரம் முக்கியம், ஏனென்றால் இது மரத்தில் வாழும் பிராணி. தரைமட்டத்தில் கிடந்தால் எந்நேரமும் அஞ்சியபடியே இருக்கும்.

வலைக்கு அரை அங்குலச் சதுரக் கம்பிவலை வாங்குங்கள். பிளாஸ்ரிக் பூசியது என்றால் இன்னும் நல்லது. நுளம்பு வலை வேண்டாம். நகம் சிக்கி விரல் பிய்ந்துபோகும். எலியும் சாரைப்பாம்பும் மரநாயும் வரும் ஊர் என்பதால் கதவுக்கு நல்ல கொளுக்கி போடுங்கள்.

எறும்பைப் பற்றி எந்த வெளிநாட்டு வழிகாட்டியும் சொல்லாது. பழத்துண்டு ஒன்று கீழே விழுந்தால் போதும், இரவோடு இரவாக எறும்பு சாரைசாரையாக வந்துவிடும். தூங்கும் குஞ்சின் கண்ணிமையைக்கூடக் கடிக்கும். அந்தக் காலத்தில் சமையலறை அலுமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவார்களே, அதே வழியைச் செய்யுங்கள். ஆனால் தண்ணீர் ஊற்றினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். கிண்ணத்தில் பழைய எண்ணெய் ஊற்றுங்கள்.

உள்ளே குறுக்கும் மறுக்குமாகக் கொப்புகள் வேண்டும். கொய்யாவும் மாவும் நல்லவை. கொப்பின் பருமன் பிராணியின் உடல் அகலத்துக்குக் குறையக் கூடாது. அலரி, எருக்கு, கள்ளி ஆகியவற்றின் தடியைத் தொட்டும் பார்க்காதீர்கள். அவற்றின் பால் நஞ்சு. தரைக்குப் பழைய நாளிதழே போதும். மணலும் தும்பும் அழகாக இருக்கும். ஆனால் உணவோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்க் குடலை அடைக்கும்.

கூட்டுக்குள் இரண்டு வெப்பமானி வையுங்கள், ஒன்று மேலே வெயில் காயும் கொப்பின் அருகே, மற்றது கீழே நிழலில். மேலே 35 முதல் 38 பாகை, கீழே 27 முதல் 29 பாகை என்று இருந்தால் பிராணி தனக்குத் தேவையான சூட்டைத் தானே தேர்ந்துகொள்ளும். அதன் உடலுக்குச் சூட்டைத் தானே உண்டாக்கும் வல்லமை கிடையாது. இடம் மாறித்தான் சமன் செய்துகொள்ளும். ஆகவே ஒரே சூட்டில் இருக்கும் கூடு, அந்தச் சூடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நல்ல கூடு அல்ல.

வீட்டுக்குள் வைத்திருந்தால் காலையில் இரண்டு மூன்று மணிநேரம் 40 அல்லது 60 வாற்று மின்குமிழ் ஒன்று மேல் மூலையில் எரிந்தால் போதும். குமிழ் வலைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் அதன் மேலேயே ஏறிப் படுத்து முதுகைச் சுட்டுக்கொள்ளும். மே மாதத் தொடக்கத்தில் காண்டாவனம் என்னும் கத்திரி வெயில் தொடங்கியதும் குமிழைக் கழற்றிவிடுங்கள். அந்த நாட்களில் நண்பகலில் கூட்டின் பாதியை நனைத்த சாக்கால் மூடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது மின்விசிறி இல்லாத அறையில் என் பிராணியைக் காத்தது கிணற்றுத் தண்ணீரில் நனைத்த சாக்குத்தான். மார்கழி, தை மாதங்களில் நிலைமை தலைகீழ். வாடைக்காற்றில் இரவு வெப்பம் 22, 23 பாகைக்கு இறங்கும். மாலையானதும் காற்று வரும் பக்கங்களை உலர்ந்த சாக்கால் மூடி, காலை வெயிலில் திறந்துவிடுங்கள். இரவில் வெளிச்சம் வேண்டாம். அதற்கும் இருட்டில் தூங்க வேண்டும்.

வெயில்

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி இது. அவசரமாக வாசிப்பவர்கள் இதையாவது நின்று வாசியுங்கள்.

இகுவானாவின் தோல் மீது சூரியனின் புறஊதா பி கதிர் படும்போதுதான் அதன் உடல் விற்றமின் டி3 செய்துகொள்கிறது. அந்த விற்றமின் இல்லாவிட்டால் உணவில் எவ்வளவு கல்சியம் இருந்தாலும் குடல் அதை எடுக்காது. இரத்தத்துக்குக் கல்சியம் வேண்டுமே, அதை உடல் எலும்பிலிருந்து உருவத் தொடங்கும். தாடை இறப்பரைப் போல மென்மையாகும், தொடை வீங்கும், விரல்கள் தானாகத் துடிக்கும். வீங்கிய தொடையைப் பார்த்து "நன்றாகக் கொழுத்துவிட்டது" என்று வீட்டார் மகிழ்ந்த கதையை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமியின் இகுவானா, நாள் முழுவதும் யன்னல் வெயிலில் கிடந்தும் இந்த நோயில்தான் போனது. யன்னல் வெயிலில் வெளிச்சமும் சூடும் உண்டு, புறஊதா பி கதிர் கிடையாது. கண்ணாடி அதைத் தடுத்துவிடும். சாதாரண எல்ஈடி விளக்கிலும் அது இல்லை.

குளிர் நாட்டில் இருப்பவர்கள் இதற்காக விலையுயர்ந்த குழாய் விளக்குகளை வாங்கி, ஒளி மங்காவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். நமக்கு வானமே தருகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேரே நிற்கிறது. அந்தச் செல்வத்தை அளவோடு கொடுக்கத் தெரிந்தால் போதும்.

வழி இதுதான். கண்ணாடி எதுவும் இல்லாத சிறிய வலைக்கூடு ஒன்றை, பாதி நிழலும் பாதி வெயிலும் விழும்படி முருங்கையின் கீழோ பந்தலோரமோ வையுங்கள். காலை எட்டரைக்கும் பத்து மணிக்கும் இடையில் பிராணியை அதில் விடுங்கள். விடிந்ததும் வரும் இளவெயில் நமக்கு இதமாக இருந்தாலும் அதில் இந்தக் கதிர் மிகக் குறைவு. வாரத்தில் நான்கைந்து நாள், அரை மணிநேரம் முதல் ஒரு மணிநேரம் வரை போதும். நிழல் நகரும் என்பதை மறவாதீர்கள்; எட்டரைக்கு இருந்த நிழல் பத்து மணிக்கு அதே இடத்தில் இருக்காது. பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், காகமும் பூனையும் காத்துக்கொண்டிருக்கும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைப்பது கொலைக்குச் சமம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாட்கணக்காக வெயில் வராவிட்டால் பதறத் தேவையில்லை. வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் விட்டால் போதும். மாடிக்குடியிருப்பில் முற்றமே இல்லாதவர்கள் மட்டும் புறஊதா பி குழாய் விளக்கை வாங்கி, பிராணி படுக்கும் கொப்புக்கு மேலே 25 முதல் 30 சென்டிமீட்டரில், இடையில் கண்ணாடி இல்லாமல் பொருத்துங்கள்.

உணவு

இலை, இலை, இலை. தட்டில் பத்தில் எட்டுப் பங்கு இலையாகவும், ஒன்றரைப் பங்கு காயாகவும், எஞ்சிய கொஞ்சம் பழமாகவும் இருக்கட்டும்.

நம் வேலியும் கோடியும் இதற்கான கடை. முருங்கையிலை கல்சியம் நிறைந்தது. செவ்வரத்தையின் தளிரிலையும் பூவும் இகுவானாவுக்கு மிகவும் பிடித்தவை. சிவப்புப் பூவைக் கண்டால் மற்றதை விட்டுவிட்டு ஓடிவரும். இவற்றோடு பூசணியைத் துருவியும், பயற்றங்காயைப் பொடியாக அரிந்தும் கலக்குங்கள். பப்பாசிப்பழம் வாரத்தில் இரண்டு நாள் கொடுக்கலாம். கறுத்தக்கொழும்பான் காலத்தில் ஒரு சிறு துண்டு மாம்பழம் கொடுத்தால் அதன் முகத்தைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஒரே இலையை நாள்தோறும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

நமக்கு நல்லதெல்லாம் அதற்கு நல்லதல்ல. பசளியிலும் கீரையிலும் பொன்னாங்காணியிலும் ஒட்சலேற்று அதிகம்; அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. எப்போதாவது ஒரு பிடி தின்றால் கெடுதியில்லை, அன்றாட உணவாக வேண்டாம். கோவாவையும் அன்றாடம் கொடுக்க வேண்டாம். வெள்ளையாக வெளிறிய சலாது இலையில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ஆனைக்கொய்யா நஞ்சு. முட்டை, இறைச்சி, நாய் உணவு, சோறு, பாண் எதுவும் கூடாது. குஞ்சு வேகமாக வளர அவித்த முட்டை கொடுக்கச் சொல்லி விற்பவர் ஒருவர் என்னிடமும் சொன்னார். விலங்குப் புரதம் இகுவானாவின் சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

சந்தையில் வாங்கும் இலைகளைப் பற்றி எனக்கு எப்போதும் அச்சம் உண்டு. வலிகாமத்துத் தோட்டங்களில் பூச்சிமருந்து தாராளமாகவே தெளிக்கப்படுகிறது. இருநூறு கிராம் எடையுள்ள குஞ்சுக்கு இலையில் ஒட்டிய கொஞ்ச மருந்தே போதும். கூடியவரை வீட்டில் வளர்ந்ததைக் கொடுங்கள். சந்தையில் வாங்கினால் அரை மணிநேரம் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை கழுவுங்கள்.

குஞ்சுக்கு வாரத்தில் நான்கைந்து நாள் உணவின் மேல் ஒரு சிட்டிகை கல்சியம் காபனேற்றுத் தூளைத் தூவுங்கள். முட்டைக்கோதை அவித்து, உலர்த்தி, மாவாக அரைத்தாலும் கிடைப்பது அதுதான். வெற்றிலைச் சுண்ணாம்பும் கல்சியம்தானே என்று அதைத் தடவிவிட வேண்டாம். அது வாயையும் உணவுக்குழாயையும் அரித்துப் புண்ணாக்கும்.

வேளையும் முக்கியம். காலையில் ஒரு மணிநேரம் சூடேறிய பிறகு உணவு வையுங்கள். இலையை அதன் குடலில் உள்ள நுண்ணுயிர்கள்தான் நொதிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. அதற்குச் சூடு வேண்டும். மாலையில் தின்றுவிட்டுக் குளிரில் படுத்தால் வயிறு உப்பும்.

தண்ணீர்

மர இலைகளில் தங்கும் துளிகளை நக்கிக் குடித்துப் பழகிய பிராணி. காலையும் மாலையும் தெளிப்பானால் இலைகளிலும் கொப்புகளிலும் தண்ணீர் தெளியுங்கள். சோளகம் வீசும் உலர்ந்த மாதங்களில் நண்பகலிலும் ஒருமுறை. அகன்ற தட்டத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பெரும்பாலான இகுவானாக்கள் தண்ணீருக்குள்தான் மலம் கழிக்கும், ஆகவே நாளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நீங்கள் குடிக்கும் தண்ணீரையே கொடுங்கள். நம் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைப் படலம் போடும். வினாகிரியில் துடைத்தால் போய்விடும்.

கண்ணாடியில் இன்னொரு வகை வெள்ளைப் பொட்டுகளும் காணப்படும். இகுவானா மிகையான உப்பை மூக்கிலுள்ள சுரப்பிகள் வழியாகத் தும்மி வெளியேற்றுகிறது. தடிமன் என்று நினைத்து மருந்து தேடி ஓட வேண்டாம். மூக்கிலிருந்து சளி ஒழுகினாலோ வாயில் நுரை தள்ளினாலோ மட்டும் அது நோய்.

கையாளுதலும் கவனிப்பும்

முதல் இரண்டு வாரம் தொடாதீர்கள். கூட்டருகே அமர்ந்து மெல்லப் பேசுங்கள், உணவு வையுங்கள், அவ்வளவுதான். பிறகு கையை மேலிருந்து இறக்காமல் பக்கவாட்டில் கொண்டுபோய், வயிற்றின் கீழே ஏந்தி எடுங்கள். இகுவானாவின் உச்சந்தலையில் மூன்றாவது கண்போல ஒன்று இருக்கிறது. உருவம் பார்க்காது, ஒளியையும் நிழலையும் உணரும். மேலிருந்து வரும் நிழல் அதற்குப் பருந்து. வாலைப் பிடித்து இழுத்தால் வால் கழன்றுவிடும். மீண்டும் வளர்ந்தாலும் பழைய அழகு வராது.

ஊர்வன பலவற்றின் குடலில் சல்மொனெல்லா கிருமி இருக்கும். தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அதன் தட்டங்களைச் சமையலறையில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் நோயாளிகளும் தொட வேண்டாம்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசு போன்ற ஒன்றில் நிறுத்து, கொப்பியில் எழுதுங்கள். நிறை இறங்குவதுதான் நோயின் முதல் செய்தி. மலத்தோடு வரும் வெள்ளைப் பகுதி மென்மையாக இருக்க வேண்டும். மஞ்சளித்துக் கல்போல இறுகினால் தண்ணீர் போதவில்லை. தோல் துண்டு துண்டாக உரியும், பிய்த்தெடுக்காதீர்கள். ஆனால் விரல்களிலும் வால்நுனியிலும் பழைய தோல் வளையமாக இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மெல்லக் கழற்றுங்கள்.

குஞ்சு மூன்று நாள் உண்ணாவிட்டால், தாடை வீங்கினால், கால் நடுங்கினால் கால்நடை வைத்தியரிடம் போங்கள். நம் பகுதி வைத்தியர்கள் பெரும்பாலும் மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர்கள். ஆகவே உங்கள் கொப்பியையும் கூட்டின் படத்தையும் உணவுப் பட்டியலையும் கையோடு கொண்டுபோனால் அவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. தேவைப்பட்டால் அங்கே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

பெண் இகுவானா வளர்ப்பவர்களுக்கு மேலும் ஒரு வேலை. ஆண் துணை இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று வயதில் அது முட்டை சுமக்கலாம். வயிறு பெருத்து, உணவை வெறுத்து, கூட்டின் மூலைகளை ஓயாமல் பிறாண்டினால் அதற்குத் தோண்ட இடம் தேவைப்படுகிறது. உடல் முழுவதும் அடங்கும் பெட்டி ஒன்றில் ஓர் அடிக்கும் மேலாக ஈர மணலும் மண்ணும் கலந்து நிரப்பி, நிழலில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வையுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் மணல். இடம் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கி வைத்திருந்தே இறந்துபோகும். இட்டு முடிந்ததும் உடல் எலும்பும் தோலுமாகத் தெரியும். அன்றே தண்ணீர்த் தட்டத்தில் இருக்க விட்டு, அடுத்த நாட்களில் முருங்கையிலையும் கல்சியத் தூளும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுங்கள்.